வேரை விற்று உயரம் வாங்கிய பயிர்

ஏப்ரல் முதல் வாரம். பீகாரின் பூர்ணியா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பொழுது விடிந்தபோது அந்த விவசாயி தன் வயல் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முந்தைய நாள் மாலைதான் டீசல் பம்ப் வைத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியிருந்தார். இரவு பத்து மணி வாக்கில் வடமேற்கிலிருந்து காற்று கிளம்பியது. அரை மணி நேரம் அடித்துவிட்டு, நாலு தூறல் போட்டுவிட்டு ஓய்ந்துவிட்டது. எந்த வீட்டுக் கூரையும் பறக்கவில்லை. ஆனால் ஆள் உயரத்தையும் தாண்டி வளர்ந்து நின்ற அவருடைய மக்காச்சோளம், யாரோ உருளை ஓட்டியது போல ஒரே திசையில் சாய்ந்து கிடந்தது. கதிரில் பால் இறுகிக் கொண்டிருந்த நேரம்.

வயல் முழுவதும் சாய்ந்துவிடவில்லை. ஒற்றையடிப் பாதையை ஒட்டிய ஏழெட்டு வரிசைகள் நிமிர்ந்து நின்றன. காற்று வந்த திசையில், மறைப்பு எதுவும் இல்லாமல், முதல் அடியை வாங்கிய வரிசைகள் அவை. அதே விதை, அதே உரம், அதே தண்ணீர்.

அவருக்குப் பின்னால் வந்து நின்ற மனைவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஏ ஜி, நான் பிடுங்கிப் போட்ட இடம் மட்டும் நிற்கிறது, பார்த்தீர்களா?"

அவர் பார்த்திருந்தார். அதனால்தான் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் மாதக் காற்று பூர்ணியாவுக்குப் புதிதல்ல. 2010 ஏப்ரல் 13 இரவும் 2015 ஏப்ரல் 21 இரவும் அந்த வட்டாரத்தைப் புரட்டிப் போட்ட புயல்களை அங்கே யாரும் மறக்கவில்லை. வீடுகள் விழுந்தன, உயிர்கள் போயின. விளைந்து நின்ற மக்காச்சோளம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தரையோடு படுத்தது. அப்படிப்பட்ட காற்றுக்கு முன்னால் எந்தப் பயிரும் நிற்காது. அதில் விழுந்திருந்தால் விதி என்று சொல்லி எழுந்து போயிருக்கலாம். ஆனால் இந்தக் காற்றுக்கு அக்கம்பக்கத்து வயல்களில் அங்கொன்று இங்கொன்றுதான் சாய்ந்திருந்தது.

நிலம் அவருடையதல்ல. அங்கே பட்டாய் என்று சொல்லப்படும் வாரச் சாகுபடி. விதை, உரம், டீசல், கூலி எல்லாம் அவர் செலவு. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. பயிர் போனால் நஷ்ட ஈடு கேட்க அவரிடம் காகிதம் கிடையாது. நிலப் பத்திரத்தில் இருப்பது வேறொருவர் பெயர். அந்த வருட விதை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மூத்த மகன் ஓவர்டைம் பார்த்து அனுப்பிய பணத்தில் வாங்கியது.

மக்காச்சோளம் என்றால் மழைக்காலப் பயிர் என்றே இந்தியாவின் பல பகுதிகளில் வழக்கம். கோசி ஆறு வண்டல் கொட்டிய இந்த மாவட்டங்களில் அது குளிர்காலப் பயிர். நிலத்தடி நீர் மேலேயே கிடைக்கும். இரும்புக் குழாய்க்குப் பதில் மூங்கிலைச் சேர்த்துக் கட்டி இறக்கும் ஆழ்குழாய்க் கிணறு 1960களின் பிற்பகுதியில் பிறந்தது இந்த வட்டாரத்தில்தான். சட் பூஜை முடிந்த கையோடு விதைத்து, ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் அறுப்பார்கள். பூர்ணியா நகரத்தின் குலாப்பாக் சந்தையில் அந்த மாதங்களில் மஞ்சள் மலைகளாகக் குவியும் தானியம், கோழித் தீவனமாகவும் ஸ்டார்ச்சாகவும் மாறுவதற்காக ரயிலேறி தெற்கே வரை வருகிறது. தமிழ்நாட்டில் உடைத்து ஊற்றப்படும் முட்டைகளில் சிலவற்றுக்கு இந்த வண்டல் மண்ணோடு உறவு உண்டு.

நவம்பர் மாதம் விதைத்தபோது அவருடைய கணக்கு எளிமையானது. ஒரு செடிக்கு ஒரு கதிர். செடி கூடினால் கதிர் கூடும். வாரத்துக்குப் பாதி போனாலும் மிச்சம் கொஞ்சம் கனமாக இருக்கும். குழிக்கு இரண்டு விதை போடுவது எங்கும் உள்ள பழக்கம். ஒன்று முளைக்காவிட்டால் மற்றது கைகொடுக்கும். அவர் சில இடங்களில் மூன்று போட்டார். விதை நன்றாக இருந்தது. எல்லாமே முளைத்தன.

முளைத்த பிறகு ஒரு குழிக்கு ஒரு செடியை விட்டு மற்றதைப் பிடுங்கிவிட வேண்டும். பயிர் கலைத்தல் என்று தமிழ்நாட்டில் சொல்கிற வேலை. விதைத்த 12 முதல் 15 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். ஒரு மாலை வயலில் இறங்கி, குனிந்து, ஒரு நாற்றின் கழுத்தைப் பிடித்தார். மூன்று இலை விட்டு, பச்சைப்பசேல் என்று, நோய் நொடி இல்லாத நாற்று. மகன் அனுப்பிய பணம். விட்டுவிட்டார். அடுத்ததைப் பிடித்தார். அதையும் விட்டார். இருட்டியதும் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவருடைய மனைவிக்கு அந்தத் தயக்கம் இல்லை. இரண்டு ஆடுகளுக்குப் பசுந்தழை வேண்டியிருந்தது. பாதையோரமாகப் போகும்போது வரும்போதெல்லாம் குழிக்கு ஒன்றாக விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிக் கொண்டு போனார். ஊடே முளைத்திருந்த பதுவாவையும் வேரோடு பறித்துக் குழம்பில் போட்டார். தமிழில் சக்கரவர்த்திக் கீரை என்று சொல்லப்படும் செடிதான் அது. வடக்கே குளிர்கால வயல்களில் முதல் களை, சமையலறையில் முதல் கீரை. பத்து நாளில் ஏழெட்டு வரிசை சுத்தமாகிவிட்டது. அவர் கவனித்தபோது வீட்டில் பெரிய சண்டை. "ஆட்டுக்கு என் பிள்ளையின் சம்பளத்தையா போடுகிறாய்?" என்று கத்தினார். மனைவி பதில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் பிடுங்கப் போகவும் இல்லை.

ஜனவரியில் பனி விலகி வெயில் ஏறத் தொடங்கியதும் பயிர் எழுந்தது. மனைவி பிடுங்கிய வரிசைகள் கட்டையாக, அகன்று நின்றன. மற்றவை போட்டி போட்டுக்கொண்டு உயர்ந்தன. பிப்ரவரி கடைசியில் அவருடைய வயல்தான் அந்தப் பக்கத்திலேயே உயரம். போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நெருக்கமான பயிருக்கு சாப்பாடும் கூட வேண்டுமே என்று ஒரு மூட்டை யூரியாவை அதிகமாகப் போட்டார். இன்னும் கரும்பச்சையாக, இன்னும் உயரமாக வந்தது. மனைவியிடம் அந்தக் கட்டைச் செடிகளைக் காட்டி ஒன்றிரண்டு முறை சொல்லியும் காட்டினார்.

காற்றடித்த நான்காம் நாள், கிராமத்தில் தங்கிப் பயிற்சி எடுத்துக் கொண்டிருந்த வேளாண் கல்லூரி மாணவி ஒருத்தி வயலுக்கு வந்தாள். இறுதியாண்டு மாணவர்கள் சில மாதம் விவசாயிகளோடு கிராமத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் படிப்பின் பகுதி. கையில் நோட்டுப் புத்தகம். ஆனால் அவள் கேட்டது மண்வெட்டி.

"சாச்சா, இரண்டு செடியைத் தோண்டிப் பார்க்கலாமா? நிற்கிறதில் ஒன்று, விழுந்ததில் ஒன்று."

"விழுந்தது எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், பிட்டியா. நிற்கிறதை விட்டுவிடு" என்றார் அவர்.

மனைவிதான் ஒரு செடியைக் காட்டி, எடு என்றார்.

மக்காச்சோள வேரை ஆராய்வதற்கு மண்வெட்டியைவிடப் பெரிய கருவி தேவையில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் லிஞ்ச்சின் குழு 2011ல் இதையே ஒரு முறையாக எழுதி வைத்தது. தண்டைச் சுற்றி ஒரு சாண் தள்ளி வெட்டி, மண்ணோடு பெயர்த்து, தண்ணீரில் அலசி, வேர் அடுக்குகளை எண்ணிக் கோணத்தைப் பார்க்க வேண்டும். மண்வெட்டி ஆராய்ச்சி என்ற பொருளில் "ஷவலாமிக்ஸ்" என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். பம்ப் தொட்டியில் மாணவி அலசி வைத்த இரண்டு வேர்களையும் பார்த்தபோது அவருக்குப் படிப்பு எதுவும் தேவைப்படவில்லை. நின்ற செடியின் வேர் கவிழ்த்து வைத்த கூடை போலப் பரந்திருந்தது. தரைக்கு மேலேயும் இரண்டு சுற்று தாங்கு வேர்கள் விரல் கனத்தில் இறங்கி மண்ணைப் பிடித்திருந்தன. விழுந்த செடியிடம் இருந்தது ஒரு தேய்ந்த துடைப்பம். தாங்கு வேர்கள் மண்ணைத் தொடாமல் பாதியில் நின்றிருந்தன. அதன் தண்டு மட்டும் ஒரு முழம் நீளம்.

"உயரம் இதற்கு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா, சாச்சா?" என்று கேட்டாள் அவள்.

மக்காச்சோளத்துக்கு இரண்டு தலைமுறை வேர்கள் உண்டு. விதையிலிருந்து நேராகக் கிளம்பும் வேர்கள் முதல் சில வாரத்துக்கு மட்டும். மூன்று இலை விடும்போது விதையில் இருந்த சேமிப்பு ஏறக்குறைய தீர்ந்துவிடும். அதற்குள் மண்ணுக்கடியில் தண்டின் கணுக்களிலிருந்து சுற்றுச் சுற்றாக இரண்டாம் தலைமுறை கிளம்பியிருக்க வேண்டும். ஆறு இலைப் பருவத்தில் பயிரின் பொறுப்பு முழுக்க இந்தக் கணு வேர்களிடம் வந்துவிடுகிறது. கடைசியாக, பூக்கும் சமயத்தில், மண்ணுக்கு மேல் உள்ள கணுக்களிலிருந்து தாங்கு வேர்கள். எத்தனை சுற்று, எவ்வளவு கனம், எவ்வளவு பரப்பு என்பதன் அடித்தளம் செடி முழங்கால் உயரம் வருவதற்குள் பெரும்பாலும் போடப்பட்டுவிடுகிறது. அந்த நாட்களில்தான் அவருடைய வயலில் ஒவ்வொரு குழியிலும் இரண்டு மூன்று செடிகள் தோளோடு தோள் உரசி நின்றன.

ஆனால் மூன்று இலை நாற்றுகளுக்கு வயலில் இடப் பஞ்சமா? தண்ணீர் இருந்தது, உரம் இருந்தது, வெயில் தாராளமாக விழுந்தது. ஒன்றின் மேல் ஒன்று நிழல் விழும் அளவுக்கு இலைகள் பெரிதாகவும் இல்லை. பிறகு ஏன் அப்போதே வேரைக் குறைத்தன?

விடை வெளிச்சத்தின் நிறத்தில் இருக்கிறது. பச்சை இலை வெயிலில் உள்ள சிவப்பு ஒளியைப் பிடித்து உணவாக்கிக் கொள்கிறது. அதற்கு அடுத்தாற்போல், மனிதக் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத தொலைச் சிவப்பு ஒளி அதற்கு உதவாது. அதைக் கீழே கடத்தியும் பக்கத்தில் பிரதிபலித்தும் விட்டுவிடுகிறது. திறந்தவெளி வெயிலில் சிவப்பும் தொலைச் சிவப்பும் ஏறக்குறைய சம அளவில், சிவப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும். அடர்ந்த இலைகளுக்குக் கீழே சிவப்பு ஐந்தில் ஒரு பங்காக, அதற்கும் கீழாகப் போய்விடும். பக்கத்தில் ஒரு பச்சைச் செடி நின்றால்கூடப் போதும். நிழல் விழாவிட்டாலும் அதிலிருந்து பட்டுத் தெறிக்கும் ஒளியில் தொலைச் சிவப்பு கூடியிருக்கும்.

இந்த வித்தியாசத்தைச் செடி உணர்கிறது. உணர்வது ஃபைட்டோகுரோம் என்ற நிறமி. 1959ல் அமெரிக்க விவசாயத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் அந்த நிறமி இருப்பதை விஞ்ஞானிகள் முதலில் கண்டுபிடித்துக் காட்டியது, இருட்டில் வளர்த்த மக்காச்சோள நாற்றுகளைக் கொண்டுதான். தொலைச் சிவப்பு கூடியதை அறிந்ததும் நாற்று ஒரு முடிவுக்கு வருகிறது: பக்கத்தில் ஆள் இருக்கிறான், நாளை அவன் என் தலைக்கு மேல் போய்விடுவான். உடனே தன் வரவு செலவை மாற்றி எழுதுகிறது. கைவசம் உள்ள சர்க்கரையைத் தண்டுக்கும் இலைக்கும் திருப்புகிறது. வேருக்குப் போகும் பங்கு குறைகிறது.

கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் ஸ்வான்டனும் சக ஆராய்ச்சியாளர்களும் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். மக்காச்சோள நாற்றின் வேரும் பக்கத்துக் களைகளின் வேரும் ஒன்றையொன்று தொடாதபடி தடுத்தார்கள். தண்ணீருக்கும் சத்துக்கும் குறை வைக்கவில்லை. களைகளின் நிழலும் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். நாற்றுக்குக் கிடைத்ததெல்லாம் பக்கத்துப் பச்சையிலிருந்து தெறித்து வந்த ஒளிதான். அதுவே போதுமானதாக இருந்தது. தண்டுக்கும் வேருக்கும் இடையிலான பங்கீடு மாறியது, வேர் குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரன் எதையும் திருடவில்லை, அவன் இருப்பது தெரிந்ததற்கே இவ்வளவு. களை எடுப்பதை முதல் வாரங்களிலேயே முடிக்க வேண்டும், பிறகு எடுத்தால் அதே பலன் கிடைக்காது என்று விவசாயிகள் அனுபவத்தில் சொல்லி வந்ததற்கு இது ஒரு காரணமாகக் கிடைத்தது.

இது முதல் அத்தியாயம். செடிகள் வளர்ந்ததும் நிஜமான நிழல் வருகிறது. மக்காச்சோளத்தில் மேல் இலைகள் கதிருக்கு ஊட்டுகின்றன. வேருக்கு ஊட்டுவது பெரும்பாலும் கீழ் இலைகள். நெருக்கமான வயலில் முதலில் இருட்டடிப்பது கீழ் இலைகளைத்தான். அவை சீக்கிரம் பழுத்துக் காய்கின்றன. அதாவது வேருக்குச் சோறு போடும் கை முதலில் ஓய்கிறது. மண்ணுக்கடியிலும் ஒரே இடத்தில் மூன்று செடிகள் தழைச்சத்தைத் தேடுகின்றன. அவர் கூடுதலாகப் போட்ட யூரியா அந்தப் பசியைத் தணித்தது உண்மை. ஆனால் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி வேரைவிடத் தண்டுக்கும் இலைக்குமே அதிகம் செலவழிக்கும். ஏற்கெனவே சரிந்திருந்த கணக்கு மேலும் சரிந்தது. கரும்பச்சையைப் பார்த்து அவர் மகிழ்ந்து கொண்டிருந்தார்.

வயலின் கிழக்கு ஓரத்தில் ஒரு மூங்கில் புதர். அதன் கீழ் இருந்த இரண்டு வரிசை ஒவ்வொரு வருடமும் நோஞ்சானாகத்தான் வரும். மூங்கில் வேர் சத்தை உறிஞ்சுகிறது என்று நினைத்திருந்தார். அதுவும் உண்டு என்றாள் மாணவி. ஆனால் மூங்கில் தழை வழியாக இறங்கும் வெளிச்சம் அளவிலும் குறைந்தது, நிறத்திலும் கெட்டது. சுவரின் நிழலில் நிற்கும் செடிக்கு வெளிச்சம் மட்டுமே குறைவு. மரத்தின் நிழலில் நிற்கும் செடிக்கு, ஓடு, மேலே ஏறு என்ற உத்தரவும் சேர்ந்து வருகிறது. சாப்பாடும் இல்லாமல் ஓடவும் சொன்னால் வேருக்கு என்ன மிஞ்சும்?

அப்படியானால் நெருக்கி நடுவதே தப்பா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. உலகத்தில் மக்காச்சோள விளைச்சல் கூடிய கதையே நெருக்கி நட்ட கதைதான். 1930களில் அமெரிக்க விவசாயிகள் ஒரு ஹெக்டேரில் சுமார் 30,000 செடிகள் வைத்தார்கள். இன்று 80,000 அளவில் வைக்கிறார்கள். அயோவாவில் டொனால்ட் டுவிக் என்ற பயிர் வளர்ப்பு விஞ்ஞானி, வெவ்வேறு காலத்து வீரிய ரகங்களை ஒரே நிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் நட்டு ஒப்பிட்டார். தாராளமாக இடம் விட்டு நட்டபோது ஒரு செடி தரும் விளைச்சலில் பழைய ரகத்துக்கும் புதிய ரகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நெருக்கி நட்டபோதுதான் புதியவை வென்றன. பல பத்தாண்டுகளாக விஞ்ஞானிகள் பொறுக்கி எடுத்தது கூட்டத்தைத் தாங்கும் குணத்தைத்தான். செடிகளின் இலைகள் நிமிர்ந்து வெளிச்சத்தைக் கீழே விடுகின்றன. தண்டு சாயாமல் நிற்கிறது.

ஆக, கூட்டத்துக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவு ரகத்தையும் மண்ணையும் பருவத்தையும் பொறுத்தது. தமிழ்நாட்டில் வீரிய ரகத்துக்குச் சொல்லப்படும் இடைவெளி வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. ஏக்கருக்குச் சுமார் 27,000 செடிகள். வடக்கே குளிர்காலப் பயிருக்குப் பரவலாகச் சொல்வது 60க்கு 20. ஏக்கருக்கு 33,000க்கும் மேல். அதையும் தாண்டி அவருடைய வயலில் இருந்தது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அவர் கணக்கில் விட்டது ஒன்றுதான்: 20 செ.மீ. தள்ளி நிற்கும் செடியும் அதே குழியில் நிற்கும் செடியும் ஒன்றல்ல. தள்ளி நிற்பவன் தாமதமாக வரும் போட்டி. ஒரே குழியில் நிற்பவன் முதல் இலை விரியும்போதே வந்துவிட்ட போட்டி.

செய்ய வேண்டியது என்னவென்று மாணவி சொன்னவற்றில் அவருக்குத் தெரியாதது குறைவு. குழிக்கு ஒன்றை விட்டு மற்றதை மூன்று நான்கு இலையில் எடுத்துவிட வேண்டும். பிடுங்கும்போது பக்கத்து நாற்றின் வேர் அசையும் என்று பயந்தால் தரையோடு கிள்ளிவிடலாம். கீரையாக இருந்தாலும் களை களைதான். முதல் ஆறு வாரம் வயலில் அதற்கு இடமில்லை. யூரியாவைப் பிரித்துப் பிரித்துப் போட்டு, மேலுரம் போடும்போது தண்டைச் சுற்றி மண் அணைக்க வேண்டும். தாங்கு வேர்களுக்குப் பிடிக்க மண் பக்கத்தில் கிடைக்கும். ஏப்ரல் மாலைகளில் வடமேற்கு வானம் கறுத்தால் தண்ணீர் பாய்ச்சுவதைத் தள்ளிப் போட வேண்டும். ஈரம் குடித்த வண்டல், வேரைப் பிடித்து வைக்காது. மூங்கிலுக்குக் கீழே மக்காச்சோளத்தை விட்டுவிட்டு நிழல் தாங்கும் மஞ்சளைப் போடலாம்.

"இவ்வளவும் தெரிந்துதான் இருந்தது, பிட்டியா" என்றார் அவர். "கை வரவில்லை."

சாய்ந்த செடிகளில் பாதி இரண்டு மூன்று நாளில் தலையை மட்டும் வாத்துக் கழுத்து போல வளைத்து நிமிர்த்திக் கொண்டன. அவற்றில் கதிர் இறுகியது. தரையைத் தொட்ட கதிர்கள் பூஞ்சணம் பிடித்தன, எலி தின்றது. படுத்த பயிரை அறுக்கக் கூலி அதிகம் கேட்டார்கள். சிறிய கதிர்கள், நுனியில் மணி பிடிக்காத கதிர்கள். பாதையோரத்து ஏழெட்டு வரிசையின் கதிர்களைத் தனியாகக் குவித்து வைத்தார் மனைவி. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நிலக்காரர் பங்கு அளந்து போன பிறகு மிஞ்சியதை குலாப்பாக்குக்கு ஏற்றினார். டீசல் கடனை அடைத்தார்கள். உரக் கடைக்குப் பாக்கி நின்றது. விதைப் பணத்தைப் பற்றித் திருப்பூரிலிருந்து பேசிய மகன் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

அடுத்த நவம்பரில் குழிக்கு இரண்டு விதைதான் போட்டார். பதினைந்தாம் நாள் விடியலில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு வரிசையாக இறங்கினார்கள். மனைவி ஒரு வரிசையை முடித்துத் திரும்பியபோது அவர் பாதி வரிசையில் நின்று கொண்டிருந்தார். இரண்டு நாற்றுகளில் எது பலமானது என்று முடிவு செய்ய முடியவில்லை. இரண்டும் ஒன்று போலவே இருந்தன.

"ஏதாவது ஒன்று" என்றார் மனைவி. "நிற்கிறது பலமாகிவிடும்."

அதற்குப் பிறகு வேகம் வந்தது. ஆடுகளுக்கு ஒரு வாரத்துக்குக் குறையில்லை. பதுவாவையும் சேர்த்துப் பறித்தார்கள். பிப்ரவரியில் அவர் வயல் ஊரிலேயே உயரமானதாக இல்லை. யாரும் நின்று பார்க்கவில்லை. மூங்கிலடியில் மஞ்சள் போடுவதற்கு இடத்தைத் தரிசாக விட்டிருந்தார். வருவோர் அதைப் பார்த்து, என்ன அங்கே முளைக்கவில்லையா என்று கேட்டார்கள்.

அந்த வருடம் ஏப்ரலில் குறிப்பிடும்படியான காற்று அடிக்கவே இல்லை. நெருக்கி நட்டவர்களின் பயிரும் நின்றது. ஆகவே வேரின் பலத்தைக் காற்று வந்து நிரூபித்துக் காட்டும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. கதிர்கள் நுனி வரை மணி பிடித்திருந்தன. அது போதும் என்று இருந்திருக்கலாம். ஆனால் மார்ச் கடைசியில் ஒரு மத்தியான வேளையில், பால் பிடித்த கதிரோடு நின்ற ஒரு நல்ல செடியைச் சுற்றி அவர் மண்வெட்டியால் வெட்டிக் கொண்டிருந்ததை மனைவி பார்த்துவிட்டார். செடியைப் பெயர்த்து, பம்ப் தொட்டியில் அலசி, வேர்ச் சுற்றுகளை விரல் விட்டு எண்ணிக் கொண்டிருந்தார்.

"நல்ல செடியை ஏன் இப்படிப் பிடுங்கினீர்கள்?" என்று மனைவி கோபமாகக் கேட்டார்.

அவர் எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.